நோவைத் தணிக்கும் பராமரிப்பு: கைவிடுதல் அல்ல, கைப்பிடித்தல்



சில வாரங்களுக்கு முன்னர் எங்கள் மருத்துவ நிகழ்ச்சி முடிந்த கையோடு ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். அவருடைய கணவருக்கு ஈரலில் புற்றுநோய். வைத்தியசாலையில் இனி "பலியேற்றிவ் கெயார்" குழுவினர் வந்து பார்ப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். "தம்பி, கைவிட்டிட்டினம் போல கிடக்கு. இனி ஊசியைப் போட்டு முடிச்சுப் போடுவினமோ?" என்று கேட்டார். பிள்ளைகளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று அவர் குரலைத் தாழ்த்திக் கதைத்தது எனக்கு விளங்கியது.

அந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் நான் சொன்னது கொஞ்சம்தான். இதே கேள்வியோடு இன்னும் எத்தனையோ வீடுகள் இருக்கும் என்பதால் இந்த மாத உரையை இந்த விடயத்துக்கே ஒதுக்கியிருக்கின்றேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் வைத்தியன் அல்ல. 2016ஆம் ஆண்டு என்னுடைய அப்பாவை இங்கே, லண்டனில், புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவன். அதற்குப் பின்னர் சில வருடங்களாக ஒரு ஹொஸ்பிஸில் வாரத்தில் ஒருநாள் தொண்டராகப் போய் வருகின்றேன். தேநீர் கொடுப்பது, பக்கத்தில் இருந்து கதைப்பது, தமிழ்க் குடும்பம் வந்தால் வழிகாட்டுவது, இவைதான் என் வேலை. அங்கே கற்றுக்கொண்டதையும், அப்பாவின் விடயத்தில் நான் விட்ட பிழைகளையும் சேர்த்துத்தான் இந்த உரை. உங்கள் வீட்டு நோயாளிக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் வைத்தியரிடமே கேளுங்கள்.

பலியேற்றிவ் கெயார் என்றால் என்ன?

தமிழில் இதனை நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்றும் வலி தணிப்புச் சிகிச்சை என்றும் எழுதுகிறார்கள். நோயை முற்றாக மாற்ற முடியாத நிலை வந்தாலும், நோவு, மூச்சுத்திணறல், வாந்தி, நித்திரையின்மை, பயம், குடும்பத்தின் கவலை ஆகியவற்றைக் குறைப்பதற்குச் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அதைச் செய்வதுதான் இந்தப் பராமரிப்பு.

இது கடைசி மூன்று நாட்களுக்கானது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நோய் கண்டுபிடித்த நாளிலிருந்தே, கீமோ போன்ற சிகிச்சை நடக்கும்போதே, அதனோடு சேர்த்துக் கொடுக்கலாம். 2010ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோயாளர் 151 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சை மட்டும். மற்றப் பகுதியினருக்கு அதனோடு ஆரம்பத்திலிருந்தே நோய்த்தணிப்புப் பராமரிப்பும். இரண்டாவது பகுதியினர் மனச்சோர்வு குறைந்து நன்றாக இருந்தது மட்டுமல்ல, சராசரியாகப் பார்த்தால் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டரை மாதங்களுக்கு மேல் கூடுதலாக வாழ்ந்தார்கள். ஆகவே இந்தக் குழுவினர் வருவது ஆயுளைக் குறைக்க என்ற பயத்தை முதலில் விட்டுவிடுவோம்.

இது புற்றுநோய்க்கு மட்டும் உரியதும் அல்ல. இருதயம் பலவீனமாகிப் போதல், நாட்பட்ட நுரையீரல் நோய், சிறுநீரகச் செயலிழப்பு, மறதிநோய், நரம்பு நோய்கள் எல்லாவற்றுக்கும் உண்டு. சலரோகமும் இருதய நோயும் மலிந்த எங்கள் சமூகத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டயலிசிஸ் செய்ய உடம்பு இடங்கொடாத ஒரு முதியவருக்கும் இந்தப் பராமரிப்பைக் கேட்கலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி வருடந்தோறும் 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு இது தேவைப்படுகிறது. கிடைப்பதோ அவர்களில் ஏறக்குறைய 14 சதவீதத்தினருக்கு மட்டுமே. நாங்கள் வாழும் இந்த நாட்டில் அது இருக்கிறது. பயத்தினாலும் அறியாமையினாலும் நாங்கள் அதை விட்டுவிடக் கூடாது.

ஓர் அகதியின் யன்னல்

ஹொஸ்பிஸ் என்ற இன்றைய ஏற்பாடு பிறந்த கதையில் எங்களுக்கு நெருக்கமான ஒருவர் இருக்கிறார். அவர் ஓர் அகதி.

1947ஆம் ஆண்டு. போலந்திலிருந்து வந்து லண்டனில் உணவகம் ஒன்றில் பரிமாறுபவராக வேலை செய்த டேவிட் ராஸ்மா என்ற யூதருக்குப் புற்றுநோய். வயது நாற்பது. பக்கத்தில் குடும்பம் இல்லை. வைத்தியசாலையில் சமூகப் பணியாளராக இருந்த சிசிலி சோண்டர்ஸ் என்ற பெண்மணி அவரைப் போய்ப் பார்த்துக் கதைத்து வந்தார். நோவோடும் தனிமையோடும் இறக்கின்றவர்களுக்கு எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று இருவரும் கதைத்தார்கள். 1948இல் ராஸ்மா இறந்தபோது, சோண்டர்ஸ் அமைக்கப்போகும் அந்த வீட்டில் தான் ஒரு யன்னலாக இருக்கவேண்டும் என்று சொல்லி 500 பவுண்களை விட்டுச் சென்றார்.

முதுகு நோவினால் தாதி வேலையை விட்டுச் சமூகப் பணியாளரானவர் சோண்டர்ஸ். அதன் பின்னர் மருத்துவம் படித்து 1957இல் வைத்தியரானார். 1967இல் தென்கிழக்கு லண்டனில் சிடன்ஹாம் என்ற இடத்தில் சென்ற் கிறிஸ்ரோபர்ஸ் ஹொஸ்பிஸைத் திறந்தார். அந்த ஒரு யன்னலைச் சுற்றி வீட்டைக் கட்டி முடிக்க 19 வருடங்கள் எடுத்தன. 1969இல் அங்கிருந்து நோயாளிகளின் வீடுகளுக்கே போய்ப் பார்க்கும் குழுவையும் தொடங்கினார்கள். 2005இல் அவர் கண்மூடியதும் அதே ஹொஸ்பிஸில்தான்.

"முழு வேதனை" என்ற கருத்தைச் சொன்னவரும் அவரே. உடம்பின் நோவு ஒரு பங்கு. மனப்பயம் இன்னொரு பங்கு. வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு போன்ற கவலைகள் ஒரு பங்கு. "நான் என்ன பாவம் செய்தேன்?" என்ற ஆன்மீகக் கேள்வி இன்னொரு பங்கு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்காமல் குளிசையை மட்டும் கூட்டினால் நோவு குறையாது என்பதை அவர் கண்டார்.

இன்று பிரித்தானியாவில் 200இற்கும் மேற்பட்ட ஹொஸ்பிஸ்கள் இயங்குகின்றன. சிறுவர்களுக்கான உலகின் முதலாவது ஹொஸ்பிஸும் 1982இல் ஒக்ஸ்போர்ட் நகரில்தான் ஆரம்பமானது. பெரும்பாலானவை தர்ம நிறுவனங்கள். வளர்ந்தோருக்கான ஹொஸ்பிஸ்களின் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அரசிடமிருந்து கிடைக்கிறது. மிச்சம் நன்கொடையும், கடைத்தெருவில் நாங்கள் காணும் பழைய உடுப்புக் கடைகளின் வருமானமும்தான். நோயாளியிடம் ஒரு சதமும் வாங்குவதில்லை. ஹொஸ்பிஸுக்குப் போனவர் திரும்பி வரமாட்டார் என்பதும் பிழை. நோவையோ வாந்தியையோ கட்டுப்படுத்த ஒன்றிரண்டு வாரம் தங்கி வீடு திரும்புகின்றவர்களை நான் வாராவாரம் பார்க்கின்றேன். வீட்டில் இருந்தபடியே பகல் நேரச் சேவைக்கு வந்து போகின்றவர்களும் நிறைய.

அப்பாவிடம் மறைத்தது

இனி என்னுடைய பிழைக்கு வருகின்றேன்.

அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று வைத்தியர் சொன்ன அன்று, மொழிபெயர்த்தவன் நான்தான். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். "ஏன் வேறை ஆள், நான் இருக்கிறேனே" என்று சொல்லிவிட்டேன். அறைக்கு வெளியே அம்மா என் கையைப் பிடித்து, "அப்பாக்குச் சொல்லிப் போடாதை, மனுசன் உடைஞ்சு போகும்" என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

வைத்தியர் நிதானமாக, படம் காட்டி, சத்திரசிகிச்சை செய்ய முடியாது என்று விளங்கப்படுத்தினார். நான் தமிழில், "வயித்திலை ஒரு கட்டியாம் அப்பா, மருந்து தருவினமாம்" என்று முடித்துவிட்டேன். அதன் பின்னர் மூன்று மாதங்கள் எல்லோரும் நடித்தோம். அம்மா குசினிக்குள் போய் அழுவார். மருந்துப் பெட்டிகளில் இருந்த தாள்களை நான் எடுத்து ஒளிப்பேன். அப்பா எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. நோகுது என்றும் சொல்லவில்லை. இரவில் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தார் என்று பின்னர்தான் தெரிந்தது.

ஒருநாள் வீட்டுக்கு வந்த நோய்த்தணிப்புத் தாதி, தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுத்தார். அப்பாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்களுடைய நோயைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம்?" நான் குறுக்கே பாய வாயெடுத்தேன். அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"எனக்கு முதல் நாளே தெரியும் தம்பி. டொக்டர் கால் மணித்தியாலம் கதைச்சவர். நீ அரை நிமிசத்திலை முடிச்சுப் போட்டாய். மிச்சம் எங்கை போனது எண்டு எனக்கு விளங்காதே? நீங்கள் பயப்பிடுறியள் எண்டுதான் நானும் கேக்கேல்லை."

அந்த மூன்று மாதங்களில் இழந்தது என்னவென்று பின்னர் விளங்கியது. அப்பாவுக்கு வவுனியாவில் ஒரு தங்கச்சி. 1996இல் இடப்பெயர்வோடு ஒரு காணிப் பிரச்சினையில் கதை நின்று போனது. சாக முதல் மாமியோடு கதைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அப்பா நினைத்திருந்தார். எங்களிடம் சொன்னால் தனக்கு நோய் தெரியும் என்பது வெளிப்பட்டுவிடும் என்று சொல்லவில்லை. நாங்கள் ஒருவழியாகத் தொலைபேசியில் மாமியை எடுத்துக் கொடுத்தபோது அப்பாவின் குரல் அடங்கிவிட்டது. மாமி கதைத்தார், அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணீர் மட்டும் வந்தது. மூன்று மாதம் முந்தியிருந்தால் இருவரும் கதைத்திருப்பார்கள்.

மறைப்பது எங்கள் பாசத்தின் வெளிப்பாடு என்பதை நான் மறுக்கவில்லை. எல்லோருக்கும் எல்லாவற்றையும் முகத்தில் அடித்தாற்போல் சொல்லவேண்டும் என்றும் சொல்லவில்லை. இந்த நாட்டு வைத்தியர்களும் அப்படிச் சொல்வதில்லை. எவ்வளவு அறிய விருப்பம் என்று நோயாளியிடமே கேட்பார்கள். "எனக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம், மகளோடை கதையுங்கோ" என்று அவர் சொன்னால் அதற்கும் மதிப்புக் கொடுப்பார்கள். ஆனால் அந்த முடிவு நோயாளியினுடையது. எங்களுடையது அல்ல.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றி ஒரு வார்த்தை. இது தேசிய சுகாதார சேவையில் இலவசம். நேரிலோ தொலைபேசியிலோ கிடைக்கும். சந்திப்பு நாள் குறிக்கும்போதே கேட்டு வையுங்கள். பன்னிரண்டு வயதுப் பேரப்பிள்ளையின் வாயால் பேத்தியாரின் மரணச் செய்தியைச் சொல்ல வைக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளர் தெரிந்த ஆளாக இருந்து ஊர்க்கதை ஆகிவிடும் என்று பயந்தால், தொலைபேசி மூலம் பெயர் சொல்லாமல் கதைக்க முடியுமா என்று கேளுங்கள்.

மோர்பின் பற்றிய பயங்கள்

தமிழ் வீடுகளில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இது. மோர்பின் தொடங்கினால் கடைசிக் கட்டம் என்று அர்த்தமா? ஆளை அடிமையாக்கிவிடுமா? உயிரைச் சீக்கிரம் எடுத்துவிடுமா?

நோவுக்கு ஏற்ற அளவில் தொடங்கி, வைத்தியரின் கண்காணிப்பில் மெல்ல மெல்லக் கூட்டும்போது மோர்பின் உயிரைக் குறைப்பதில்லை. மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கிலும், அதை எடுத்துக்கொண்டு நடமாடுகிறார்கள். நோவுக்காக எடுப்பவருக்கும் போதைக்காக எடுப்பவருக்கும் வித்தியாசம் உண்டு. உடம்பு அந்த மருந்துக்குப் பழகிவிடும், ஆகவே திடீரென்று நிறுத்தக் கூடாது. அதை அடிமையாதல் என்று எடுக்கத் தேவையில்லை. நோவு வந்து துடித்த பிறகு கொடுக்காமல், நோவு தலைதூக்கு முன்னரே மணிக்கணக்குப் பார்த்துக் கொடுப்பதுதான் சரி என்பதை நடைமுறையில் காட்டியது சோண்டர்ஸும் அவருடைய குழுவினரும். இடையில் நோவு கிளம்பினால் மேலதிகமாக ஒரு சிறு அளவும் எழுதித் தருவார்கள்.

பக்க விளைவுகள் உண்டு. முதல் சில நாட்கள் நித்திரைத் தூக்கமும் வயிற்றுப் பிரட்டலும் இருக்கும். பெரும்பாலும் அவை குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் தானாக மாறாது. முதல் நாளிலிருந்தே அதற்கு மருந்து கேளுங்கள். எங்கள் ஆட்கள் வெட்கத்தில் இதைச் சொல்வதில்லை. அப்பாவும் எட்டு நாட்கள் சொல்லவில்லை. அந்த வயிற்று நோவை நாங்கள் புற்றுநோய் நோவு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

தோலில் ஒட்டும் நோவு மருந்துப் பட்டி போட்டிருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த இடத்தில் சுடுதண்ணிப் போத்தல் வைக்கவோ, எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுக்கவோ கூடாது. சூடு பட்டால் மருந்து அளவுக்கு மிஞ்சி உடம்புக்குள் போய்விடும். நாட்டு மருந்து, கசாயம் ஏதாவது கொடுப்பதாக இருந்தாலும் தாதியிடம் மறைக்காதீர்கள். அவர்கள் பேசமாட்டார்கள்.

விழுங்க முடியாமல் போகும்போது சிறிஞ்ச் டிரைவர் என்ற சிறிய பற்றரிப் பம்பு வைப்பார்கள். 24 மணி நேரமும் தோலுக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாக மருந்து போகும். அந்த அம்மா பயந்த "ஊசி" இதுதான். விழுங்கிய அதே வகை மருந்துகளைத்தான் இதன் வழியாகக் கொடுக்கிறார்கள். இரவிலோ வார இறுதியிலோ திடீரென்று தேவைப்படலாம் என்று சில ஊசி மருந்துகளை முன்கூட்டியே வீட்டில் கொண்டுவந்து வைப்பதும் வழமை. அந்தப் பெட்டியைக் கண்டு திகைக்க வேண்டாம். நெருப்பு அணைக்கும் வாளி போல, தேவைக்காக இருப்பது அது.

எழுதி வைக்க வேண்டியவை

"நான் மூத்த மகன், நான் சொல்லுறதைத்தான் டொக்டர் கேக்க வேணும்" என்று எங்கள் வீடுகளில் சொல்வதுண்டு. இங்கிலாந்து, வேல்ஸ் சட்டப்படி நெருங்கிய உறவினர் என்பதால் மட்டும் முடிவெடுக்கும் உரிமை யாருக்கும் வருவதில்லை. நோயாளி சுயமாகத் தீர்மானிக்க முடியாத நிலைக்கு வந்தால், 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி வைத்தியர்கள் அவருடைய நலனுக்கு ஏற்றதை முடிவுசெய்ய வேண்டும். குடும்பத்தைக் கலந்துபேச வேண்டும். ஆனால் குடும்பத்துக்கு இறுதி உரிமை இல்லை.

அந்த உரிமையை ஒருவருக்குக் கொடுக்க விரும்பினால், நல்ல நினைவோடு இருக்கும்போதே லாஸ்ரிங் பவர் ஒஃப் அற்றோர்ணி என்ற அதிகாரப் பத்திரத்தை எழுதிப் பதிவுசெய்ய வேண்டும். சுகாதாரத்துக்கு ஒன்று, சொத்துக்கும் பணத்துக்கும் ஒன்று என இரண்டு வகை. பதிவாக வாரக்கணக்காகும். ஆகவே சுகமாக இருக்கும்போதே செய்து வையுங்கள்.

அடுத்தது, இருதயம் நின்றால் மீண்டும் இயக்க முயல வேண்டாம் என்ற குறிப்பு. அந்தத் தாளைக் கண்டு பல தமிழ்க் குடும்பங்கள் கோபப்பட்டிருக்கின்றன. அந்தக் குறிப்பின் பொருள் அவ்வளவுதான். சாப்பாடு, மருந்து, ஒட்சிசன், பராமரிப்பு எதுவும் நிறுத்தப்படாது. கடும் நோயால் தளர்ந்த உடம்பில் நெஞ்சை அழுத்தினால் விலா எலும்பு முறியலாம், ஆள் பிழைப்பது அரிது. இது வைத்தியரின் மருத்துவ முடிவு. ஆனால் நோயாளியோடு கதைக்காமல் எழுதக் கூடாது என்று 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. யாரும் உங்களோடு கதைக்கவில்லை என்றால் கேளுங்கள், விளக்கம் தரும்வரை கேளுங்கள்.

காசும் விசாவும்

நோயாளி அடுத்த 12 மாதங்களுக்குள் இறக்கக் கூடும் என்று வைத்தியர் கருதினால், "விசேட விதிகள்" என்ற ஏற்பாட்டின் கீழ் உதவிப்பணம் விரைவாகக் கிடைக்கும். முன்னர் இது 6 மாதம் என்று இருந்தது, 2022இலும் 2023இலும் மாற்றினார்கள். ஓய்வூதிய வயதானவர்களுக்கு அற்றென்டன்ஸ் அலவன்ஸ். அதற்குக் குறைந்த வயதினருக்கு வேறு கொடுப்பனவுகள். வைத்தியரிடமோ தாதியிடமோ எஸ்.ஆர்.1 படிவம் நிரப்பித் தரும்படி கேளுங்கள். புற்றுநோயாளருக்கு இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக் கட்டணம் இல்லை. 60 வயதுக்கு உட்பட்டவர்கள் அதற்கான அத்தாட்சிப் பத்திரத்தைக் குடும்ப வைத்தியரிடம் கேட்டு எடுக்க வேண்டும். நிலைமை வேகமாக மோசமாகி இறுதிக் கட்டத்துக்கு வந்தால், வீட்டில் பராமரிப்பாளரை அனுப்பும் செலவைச் சுகாதார சேவையே ஏற்கும் துரித ஏற்பாடு ஒன்றும் உண்டு.

அகதி அந்தஸ்துப் பெற்றவர்களும், அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்களும் வைத்தியசாலைக் கட்டணம் கட்டத் தேவையில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர் என்றாலும் குடும்ப வைத்தியரைப் பார்ப்பது இலவசம். தர்ம நிறுவனமாகப் பதிவுசெய்த ஹொஸ்பிஸின் பராமரிப்பும் இலவசம். விசா இல்லை என்று பயந்து நோவோடு அறைக்குள் கிடக்க வேண்டாம்.

ஊரிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ ஒருவர் வந்து பார்க்க வேண்டுமானால், நோயின் நிலையை விளக்கி வைத்தியர் அல்லது ஹொஸ்பிஸ் கடிதம் தருவார்கள். விசா கிடைக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. ஆனாலும் பிந்தாமல் கேட்க வேண்டும்.

எங்களுக்கென்று உள்ள காயங்கள்

கடைசி வாரங்களில் அப்பா இரவில் எழும்பி, "கதவைப் பூட்டாதேங்கோ, வெளியிலை நிக்கினம்" என்று சத்தம் போடுவார். சீருடையோடு வந்த அம்புலன்ஸ்காரரைக் கண்டு நடுங்கினார். தடுப்பு முகாமில் இருந்ததைப் பற்றி அவர் எங்களிடம் வாய் திறந்ததே இல்லை. நோய் பலவீனப்படுத்தும்போது பழையவை மேலெழும்பி வரும் என்று தாதி சொன்னார். நான் விடயத்தைச் சொன்ன பிறகு, அறைக் கதவைத் திறந்தே வைத்தார்கள். சிறு வெளிச்சம் விட்டார்கள். தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொட்டார்கள். அப்பா அமைதியானார்.

நேயர்களே, உங்கள் வீட்டு நோயாளி சிறை, சித்திரவதை, முள்ளிவாய்க்கால், ஷெல்லடி எதையாவது கடந்து வந்தவராக இருந்தால் அதைத் தாதியிடம் சொல்லுங்கள். விவரம் எல்லாம் வேண்டாம், இரண்டு வசனம் போதும். அது அவருடைய பராமரிப்பையே மாற்றும்.

சாப்பாடும் கடைசி நாட்களும்

அம்மா கடைசி நாள் வரைக்கும் கஞ்சியோடு போராடினார். "ரெண்டு கரண்டி குடியுங்கோ" என்று கெஞ்சுவார். சாப்பிடாததால்தான் சாகிறார் என்று அவருக்கு எண்ணம். இறுதிக் கட்டத்தில் உடம்புக்குச் சாப்பாடு தேவைப்படுவதில்லை. பசியும் எடுப்பதில்லை. வற்புறுத்தி ஊட்டினால் சுவாசப்பைக்குள் போய் மூச்சுத் திணறும். வாயை ஈரமாக வைத்திருப்பதும், உதட்டுக்குக் கிறீம் பூசுவதும், விரும்பினால் சின்ன ஐஸ் துண்டு கொடுப்பதும்தான் அப்போது செய்யக்கூடிய ஊட்டல்.

கடைசி நாட்களில் கை கால் குளிரும். நித்திரை கூடும். மூச்சு நின்று நின்று வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். கேட்கும் எங்களுக்குத்தான் அது கொடுமை. அவருக்குப் பெரும்பாலும் உணர்வு இருப்பதில்லை. ஆனால் காது கேட்கக் கூடும். 2020இல் கனடாவில் செய்த ஆய்வொன்றில், பதில் சொல்ல முடியாத நிலையில் இருந்தவர்களிலும் சிலருடைய மூளை ஒலிக்கு அசைந்தது தெரிய வந்தது. ஆகவே தலைமாட்டில் இருந்து செலவுக்கணக்குக் கதைக்காதீர்கள். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

தேவாரம் படிக்கலாம், திருநீறு பூசலாம், பால் பருக்கலாம். பாலைப் பஞ்சில் தோய்த்து உதட்டில் தடவுவது பாதுகாப்பானது. கத்தோலிக்கர் என்றால் நோயில் பூசுதலுக்குக் குருவானவரை நேரத்தோடு அழையுங்கள். ஹொஸ்பிஸில் எல்லாவற்றுக்கும் இடம் தருவார்கள், முன்கூட்டிச் சொன்னால் போதும். ஒட்சிசன் போகும் அறையில் மட்டும் விளக்கோ கற்பூரமோ ஊதுபத்தியோ கொளுத்தவே கூடாது. பற்றரி விளக்கு வையுங்கள்.

வீட்டில் எதிர்பார்த்த மரணம் நிகழ்ந்தால் 999ஐ அழைக்கத் தேவையில்லை. குடும்ப வைத்தியரையோ மாவட்டத் தாதியையோ, இரவென்றால் அவர்கள் தந்த அவசர இலக்கத்தையோ அழையுங்கள். அந்த இலக்கத்தைக் குளிர்ப்பெட்டியில் ஒட்டி வையுங்கள். 2024 செப்ரெம்பர் 9 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், மரண விசாரணை அதிகாரியிடம் போகாத ஒவ்வொரு மரணத்தையும் மருத்துவப் பரிசோதகர் ஒருவர் பார்த்த பின்னரே பதிவு செய்யலாம். அவர் உங்களோடும் கதைப்பார். மனக்குறை இருந்தால் அவரிடம் சொல்லலாம். ஈமைக்கிரியையைப் பிந்தாமல் செய்ய விரும்பினால் அதை முதலே வைத்தியரிடம் சொல்லி வையுங்கள்.

இந்த வாரமே கேட்கக் கூடியவை

கடும் நோயோடு ஒருவர் வீட்டில் இருந்தால், அடுத்த சந்திப்பில் இந்த ஐந்தையும் கேளுங்கள். நோய்த்தணிப்புக் குழுவிடம் எங்களை அனுப்புவீர்களா? தமிழ் மொழிபெயர்ப்பாளர் வருவாரா? இரவில் யாரை அழைப்பது? எஸ்.ஆர்.1 படிவத்துக்குத் தகுதி உண்டா? பார்த்துக்கொள்ளும் எனக்கு என்ன உதவி உண்டு?

ஆறாவது கேள்வி நோயாளியிடம் கேட்க வேண்டியது. "உங்களுக்கு ஆரோடை கதைக்க வேணும் போல இருக்கு?" நான் அப்பாவிடம் அதை மூன்று மாதம் பிந்திக் கேட்டேன். நீங்கள் பிந்த வேண்டாம்.

தொலைபேசியில் அழைத்த அந்த அம்மா போன கிழமை மீண்டும் எடுத்தார். கணவருக்கு நோவு குறைந்து, இரண்டு இரவு நித்திரை கொண்டாராம். காலையில் இடியப்பமும் சொதியும் கேட்டாராம். "ஒண்டரை இடியப்பம்தான் தம்பி சாப்பிட்டவர், ஆனால் தானே கேட்டவர்" என்றார். இந்த முறை குரலைத் தாழ்த்தாமல்தான் கதைத்தார்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.